குண்டுக்குத் தப்பினார் ஒருவர். சட்டத்தில் சிக்கினார் ஆயிரவர்

2006ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, முற்பகல் நேரம். கொழும்பு நகரின் கொள்ளுப்பிட்டிப் பகுதியில் பித்தளைச் சந்தி என்றொரு முச்சந்தி. அவ்வழியே இலங்கைப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச, காவல் வண்டிகள் முன்னும் பின்னும் வரச் சென்றுகொண்டிருந்தார். நாட்டின் ஜனாதிபதியான மகிந்த ராஜபக்சவின் உடன்பிறந்த தம்பி அவர். வெடிமருந்து நிரப்பிய மூன்று சக்கர வண்டியொன்று அந்த வரிசையில் பாய்ந்து வெடித்தது. படைவீரர்கள் மாண்டனர், பலர் காயமுற்றனர். செயலாளருக்கு ஒன்றும் நேரவில்லை. அண்ணன் தம்பியைக் கட்டித் தழுவிக்கொண்ட படம் மறுநாள் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. விடுதலைப் புலிகளே இதைச் செய்தார்கள் என்று அரசாங்கம் சொல்லிற்று.

இச்செய்தி நமது தோட்டங்களுக்கு எட்டியபோது, காப்பிக் கடையிலும் லயத்து வாசலிலும் எழுந்த பேச்சு என்ன? "சே, தப்பிவிட்டானே!" என்பதுதான். மறைப்பானேன்? நம்மில் சிலரும் அப்படித்தான் பெருமூச்சு விட்டோம். அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். ஆண்டு பல கடந்த சம்பவத்தை இப்போது கிளறுவானேன் என்று கேட்கும் தோழருக்கு ஒரே பதில்: அந்தப் பெருமூச்சு இன்னும் ஓயவில்லை. நமது இளைஞர் பலர், "அன்றைக்கு ஒரு குண்டு சரியாக வெடித்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும்" என்று இன்றும் பேசுகிறார்கள். மாறியிருக்குமா? கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது கிராணிமார்களுக்குக் கைவந்த தொழில். பால் நிறுக்கும் இடத்தில் நின்று பழகிய நமக்கும் அது புதிதன்று.

அந்த டிசம்பர் மாதத்தில் இலங்கையில் வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. குண்டுச் சத்தத்தில் அது பலர் காதில் விழவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், ஆணும் பெண்ணுமாக இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் நாட்கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். நாளொன்றுக்கு 300 ரூபாய் வேண்டும் என்பது கோரிக்கை. இவ்வளவு பெரிய வேலைநிறுத்தத்தை மலைநாடு பல ஆண்டுகளாகக் கண்டதில்லை. கொழுந்து முற்றிக் கொண்டிருந்தது; ஏற்றுமதி தடைப்பட்டது; கம்பெனிக்காரர்களுக்கு நெஞ்சு படபடத்தது.

அந்தத் தொழிலாளர் யார்? நமக்கு அந்நியரா? நம் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தான். அவர்கள் பாட்டன் இராமநாதபுரத்துக் கரையிலிருந்து மன்னார் பக்கம் இறங்கிக் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தான். இரண்டு பேரையும் அழைத்துப் போனவன் கங்காணி. இரண்டு பேருக்கும் லயம். இரண்டு பேருக்கும் விடியலில் பிரட்டு. இரண்டு பேருக்கும் துரை. அங்கே கணக்கப்பிள்ளை, இங்கே கிராணி, வித்தியாசம் அவ்வளவுதான். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்றைச் செய்து, தேயிலைச் செடியை நட்டு வளர்த்த அத்தனை பேரையும் நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஆடு மாடு பிரிப்பதுபோல் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தார்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு அலைந்த நமது தோட்டத்து முதியவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அப்பேர்ப்பட்ட மக்கள், ஆயுதம் ஏதும் ஏந்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, "கூலி தா, கொழுந்து தருகிறோம்" என்று நின்ற அதே மாதத்தில்தான் பித்தளைச் சந்தியில் வண்டி வெடித்தது. ஐந்தே நாள். டிசம்பர் 6ஆம் தேதி, பயங்கரவாதத் தடுப்பு என்று பெயர் சூட்டிப் புதிய அவசரகால விதிகள் வந்துவிட்டன. எது பயங்கரவாதம் என்பதற்கு அந்த விதிகள் விரித்த வலை மிகப் பெரிது. யார் யாருடன் கொடுக்கல் வாங்கல் செய்யலாம், யாருக்கு எந்தச் செய்தி சொல்லலாம் என்பதெல்லாம் அந்த வலைக்குள் வந்தது. நல்லெண்ணத்துடன் செய்தேன் என்று சொல்லும் அதிகாரிக்குப் பாதுகாப்பும் அதில் உண்டு. ஏற்கெனவே 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. அதற்கு மேல் இது. குண்டு வைத்தவன் அந்த விதிகளைப் படித்து அஞ்சினானா? அவன்தான் வண்டியோடு போய்விட்டானே! அஞ்ச வேண்டியிருந்தவர் தெருவில் நடக்கிறவரும், பேனா பிடிக்கிறவரும், கூட்டம் கூட்டுகிறவரும்தாம். ஜெ. எஸ். திசைநாயகம் என்னும் பத்திரிகையாளர், தாம் எழுதிய எழுத்துக்காக 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 2006ஆம் ஆண்டு விதிகளின் கீழும் குற்றஞ்சாட்டப்பட்டு, 2009 ஆகஸ்டில் 20 ஆண்டு கடுங்காவல் தண்டனை பெற்றார். உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. எழுத்துக்கு 20 ஆண்டு! தொழிற்சங்கப் பத்திரிகை நடத்துகிற நமக்கு இதைக் கேட்டு உடம்பு சிலிர்க்காமல் இருக்குமா?

அடுத்த ஆண்டு, 2007 ஜூன் 7ஆம் தேதி விடிவதற்கு முன்பே, கொழும்புத் தமிழர் தங்கியிருந்த லாட்ஜுகளைப் போலீசார் வளைத்தார்கள். லாட்ஜ் என்றவுடன் உல்லாசப் பயணிகளை நினைக்க வேண்டாம். வைத்தியரைப் பார்க்க வந்த கிழவி, வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வந்த பையன், கடையில் வேலை தேடி வந்தவன், ஒரு அறையில் நாலைந்து பேராகப் படுத்துக் கிடப்பவர்கள். "கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் சொல்" என்று கேட்டு, சாமானை அள்ள அவகாசமும் கொடாமல், 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தன் நாட்டுத் தலைநகரில் தான் தங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது! மறுநாளே உச்ச நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. பிரதம மந்திரி வருத்தம் தெரிவித்தார். ஆனால் அவ்வாண்டு இறுதியில், நுகேகொடையில் குண்டு வெடித்ததை ஒட்டி, கொழும்பில் 2,000க்கு மேற்பட்ட தமிழரை இரண்டொரு நாளில் பிடித்து அடைத்தார்கள். நூற்றுக்கணக்கானோரைப் பூசா முகாமுக்குக் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் பிற்பாடு குற்றமற்றவர் என்று விடப்பட்டனர். குற்றமற்றவர் என்பது பிடிக்கும்போது தெரியாதாம்.

தோட்டத்தில் பிறந்து, அங்கே வேலையில்லாமல் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்கப் போன மலைநாட்டுப் பையன்களும் இத்தகைய வளைப்புகளில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் வன்னிக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்? பேசுவது தமிழ், அவ்வளவே. சந்தியில் நிற்கும் சிப்பாய் அடையாளக் கார்டில் பெயரைப் பார்ப்பானே தவிர, பிறந்த தோட்டத்தையா பார்ப்பான்?

பித்தளைச் சந்திக்கு முன்னும் இதே கதைதான். 2006 ஏப்ரல் 25ஆம் தேதி, கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே, கருவுற்றவள் போல் வந்த ஒரு பெண் வெடித்துச் சிதறினாள். இராணுவத் தளபதி சரத் பொன்சேகா வயிற்றில் படுகாயத்துடன் பிழைத்தார். அவருடைய மெய்க்காவலர்களும் மற்றவர்களும் மாண்டார்கள். தளபதியைப் பிற்பாடு சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து வைத்தியம் பார்த்தார்கள். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர், மூதூர்க் கிழக்கு மக்களுக்கு யார் வைத்தியம் பார்த்தது? தளபதி தாக்கப்பட்ட அன்றே அந்தக் கிராமங்கள் மீது விமானம் குண்டு போட்டது, பீரங்கி முழங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் தளபதி கண் விழிக்கும் முன்பே, அவர் பெயரைக் கேட்டறியாத மீனவனும் விறகுவெட்டியும் அவருக்காக அடி வாங்கினார்கள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். நமது கிளைக் கூட்டங்களில் அவரை எல்லோரும் அறிவோம். "அரசாங்கம் முதலில் அடிக்கவில்லையா? 1983 ஜூலையை மறந்தீர்களா? அடிபட்டவன் திருப்பி அடிக்கக் கூடாதா?" என்பார். மறக்கவில்லை, நண்பரே. 1977லும் 1983லும் மலைநாட்டு லயங்களிலும் தீ எரிந்தது. உயிருக்கு அஞ்சி வடக்கே ஓடிப்போய் வன்னியில் குடியேறிய தோட்டத் தமிழர் ஆயிரமாயிரம். அவர்களுடைய பிள்ளைகளே 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் மாண்டார்கள். கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2011இல் எழுதி வைத்தது. அந்தக் கொலைக்குப் பொறுப்பானவர்களை நாம் தூக்கிப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் மாட்டோம். நமது கேள்வி வேறு. திருப்பி அடித்த அடி யார் மேல் விழுந்தது? 1996 ஜனவரி 31ஆம் தேதி கொழும்பு மத்திய வங்கியில் லாரியை மோதி வெடிக்க வைத்தார்களே, 91 பேர் மாண்டார்களே, அவர்கள் எல்லாரும் தளபதிகளா? வங்கிக் குமாஸ்தாக்கள், டைப் அடிக்கும் பெண்கள், காவல்காரர்கள், தெருவில் போனவர்கள். மாதச் சம்பளத்தை எண்ணி வாழ்ந்த நம்மைப் போன்றவர்கள். கிராணிமார் சங்கத்துத் தோழர்கள் ஒரு நிமிடம் தங்கள் மேசையையும் நாற்காலியையும் நினைத்துப் பார்க்கட்டும்.

குறி வைத்தது தளபதிக்கு, தளபதி பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருந்தாரா? முன்னிலும் கடுமையானார். 2008இல் கனடாப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டியளித்தபோது, இலங்கை சிங்களவர்க்கு உரிய நாடு என்பது தமது உறுதியான நம்பிக்கை என்றே பொன்சேகா சொன்னார். மறு ஆண்டு யுத்தத்தை முடித்தார். எப்படி முடித்தார் என்பதை உலகம் கண்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. மகிந்த ராஜபக்சவை எதிர்த்து அந்தப் பொன்சேகாவே நின்றார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. வடக்கும் கிழக்கும் அவருக்கு அதிக வாக்களித்தன. தேயிலைத் தொழிலாளர் நிறைந்த நுவரெலியா மாவட்டமும் அப்படியே. அங்கே பெரிய தொழிற்சங்கத் தலைமை ராஜபக்ச பக்கம் நின்றும், மாவட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது! தலைவர் காட்டும் பக்கமே கூட்டம் போகும் என்று நினைக்கிற சங்கத் தலைவர்கள், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாலாண்டுக்கு முன் குண்டு வைத்துக் கொல்லப் பார்த்த மனிதருக்கு வாக்குச் சீட்டில் புள்ளடி போட்டார்கள். அவர் மேல் அன்பினாலா? இல்லை, கண்முன் இருந்த இரண்டில் ஒன்றை வெளியேற்ற அதுவே வழி என்று எண்ணினார்கள். தேர்தலில் பொன்சேகா தோற்றார். அடுத்த மாதமே அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தவர்கள், அவர் யாருக்காகப் போரிட்டாரோ அவர்களே. பிடித்தடைக்கும் வித்தை யார் மேல் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று படித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. நமது மண்ணின் கதையும் இதுதான். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் அவசரகாலச் சட்டம் வந்தது. காட்டுக்குள் போனவர்கள் போய்விட்டார்கள். நாட்டில் இருந்த தொழிற்சங்கம்தான் முதலில் உடைந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. அதன் தலைவராயிருந்த கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கிளைகள் கலைந்தன, கூட்டம் போடப் பயந்தார்கள், கூலி பேச ஆளில்லை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் என்று நாம் மறுபடி ஒன்றுகூடி நிமிர்ந்து நிற்க 1954 வரை ஆயிற்று.

1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர்ஸ் மலைக்குப் போகும் பாதையில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைப் பதுங்கியிருந்து சுட்டார்கள். கொழும்பில் தப்பிவிட்டார் என்று பெருமூச்சு விடுகிறவர்களே, இங்கே தப்பவில்லை. குறி சரியாகவே விழுந்தது. என்ன கிடைத்தது? வெள்ளையன் மூட்டை கட்டினானா? அவ்விடத்துக்கு அருகில் பகாங்கில் திராஸ் என்னும் சிற்றூர். அந்த ஊரையே காலி செய்து, ஏறக்குறைய 2,000 பேரை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் தடுப்பு முகாமுக்கு ஏற்றினார்கள். அடுத்து வந்தவர் டெம்ப்ளர். 1952இல் தஞ்சோங் மாலிம் பக்கத்தில் 12 பேர் சுடப்பட்டதும், ஊர் முழுவதற்கும் நாளில் 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். சுட்டவன் காட்டிலிருந்தான். அரிசி குறைந்தது அடுப்படியில்.

தோட்டத்து நிலை என்ன? நம் தாய்தந்தையர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கம்பிவேலி வாசலில் விடியலில் வரிசை. பால்காட்டுக்கு ஒரு பிடி சோறு கொண்டு போகக் கூடாது, காட்டிலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுவாயாம். வாளியைத் திறந்து காட்டு, மடியை உதறிக் காட்டு. பெண்களைச் சோதித்த விதத்தை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஒரு பக்கம் இது. மறுபக்கம் காட்டுக்காரர்கள் வந்து அடையாளக் கார்டைப் பிடுங்கிப் போவார்கள். அது இல்லாமல் பிடிபட்டால் சிறை. இரவோடு இரவாகப் பால்மரங்களைக் கண்டபடி வெட்டிச் சிதைத்துவிட்டுப் போவார்கள். அந்த மரம் துரைக்கு நஷ்டமாம்! துரைக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. வெட்டுக்காரனுக்கு அன்றைய கூலி போயிற்று. தொழிலாளர் விடுதலைக்காகத் தொழிலாளியின் மரத்தை வெட்டிய புத்திசாலித்தனத்தை நாம் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. முடிந்த கையோடு அதே ஆண்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. காட்டுக்காரனுக்காகப் பிறந்த சட்டம், 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் வழக்கறிஞர் உள்ளிட்ட ஐவர் மேல் பாய்ந்தது. புலிகளோடு தொடர்பு என்று காரணம் சொல்லப் பார்த்தார்கள். 2012இல் அச்சட்டம் நீங்கி சொஸ்மா வந்தது. 2019 அக்டோபரில் அதே புலிப் பூச்சாண்டியைக் காட்டி, சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிருவரைப் பிடித்தார்கள். அதற்குள் புலிகள் அழிந்து பத்தாண்டு ஆகிவிட்டிருந்தது. நான்கு மாதத்துக்கு மேல் அவர்கள் உள்ளே இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் வழக்கு மேற்கொண்டு நடத்தப்படாது என்று சட்டத்துறைத் தலைவர் அறிவித்தார். அந்த நான்கு மாத வாழ்வை யார் திருப்பிக் கொடுப்பது?

மீண்டும் பித்தளைச் சந்திக்கு வருவோம். அன்று தப்பிய கோத்தபாய ராஜபக்ச 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். பயங்கரவாதத்திலிருந்து நாட்டைக் காத்தவர் என்னும் பெயர்தான் அவருக்கு வாக்கு வாங்கிக் கொடுத்தது. குண்டு வைத்தவர்கள் அவருக்குச் செய்த பெரிய உபகாரம் அது! வடக்கும் கிழக்கும் நுவரெலியாவும் அவருக்கு எதிராக வாக்களித்தும் பயனில்லை. 2021இல் இரசாயன உரம் இறக்குமதி செய்யக் கூடாதென்று ஒரே இரவில் உத்தரவிட்டார். தேயிலை விளைச்சல் சரிந்தது. நிறையைக் கணக்கிட்டுக் கூலி கொடுக்கும் தோட்டங்களில் பெண்களின் கூடையில் கனம் குறைந்தது. அடுத்த ஆண்டு நாட்டில் டாலர் இல்லை, எண்ணெய் இல்லை, மருந்து இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றே முதியவர்கள் மாண்டார்கள்.

அப்போது யாரும் மூன்று சக்கர வண்டியில் வெடிமருந்து நிரப்பவில்லை. மூன்று சக்கர வண்டிக்காரர்கள் பெட்ரோல் வரிசையில் நின்று கூச்சலிட்டார்கள். 2022 ஏப்ரல் 28ஆம் தேதி தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடி ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தன. மே 6ஆம் தேதி நாடு தழுவிய ஹர்த்தால்: ரயில் ஓடவில்லை, பள்ளிக்கூடம் திறக்கவில்லை, கடை அடைப்பு. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதம் அந்தக் கூட்டத்தில் கொஞ்ச காலமாவது மங்கிற்று. மறுபடி அவசரகாலச் சட்டம் போட்டார். போட்டும் கூட்டம் கலையவில்லை. ஜூலை 9ஆம் தேதி மக்கள் வெறுங்கையோடு ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். நீச்சல் குளத்தில் குளித்தார்கள், மெத்தையில் உருண்டார்கள். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இராணுவம், விமானப்படை, உளவுப் படை எல்லாம் கையில் வைத்திருந்தவர் 13ஆம் தேதி மாலத்தீவுக்குப் பறந்தார். அங்கிருந்து சிங்கப்பூர். பொன்சேகாவைக் காயத்துடன் கொண்டுவந்த அதே சிங்கப்பூரிலிருந்து, கோத்தபாய தமது ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினார்.

வெடிமருந்தால் முடியாததை அன்றாடங்காய்ச்சிகள் செய்தார்கள் என்றால், அதற்காகத் தோட்டத்தில் பால் வார்த்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அந்த ஜூலை மாதத்தில் தேயிலைத் தோட்டத்து நாட்கூலி 1,000 ரூபாய். அதையும் 2021இல்தான் பெற்றார்கள், பல ஆண்டு கேட்டுக் கேட்டு. ஆனால் பெற்ற மறு ஆண்டே அரிசி, மாவு விலை மலையேறிவிட, அந்த 1,000 ரூபாயின் பாதிப் பெறுமானம் கரைந்து போயிற்று. மாளிகையில் இருந்தவர் ஓடிய வாரத்திலும் அவர்கள் விடியலில் பிரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோடு, எத்தனை கிலோ கழித்தாய் என்று சண்டை பிடித்தார்கள்.